மரத்தாலான தாய்வயிறு

ரயிலுக்கு நேரமிருக்கிறது. மைசூரு மண்டி மொஹல்லாவின் தச்சுக்கடையொன்றில், கர்ப்பிணியின் மார்பும் வயிறுமாகச் செதுக்கிய மரக்கவசம் என்னை நிறுத்துகிறது. அருகில் பிள்ளையைச் சுமந்த தாயின் முகமூடி. நைஜீரியாவிலிருந்து வந்து படிக்கும் யொரூபா இன மாணவர் ஒருவர் கொடுத்தவை; நாளை கல்லூரி விழா ஆட்டத்துக்கு வேண்டுமாம். கவசத்தின் அறுந்த வாரைத் தச்சர் மாற்றியிருக்கிறார்.

“எந்தப் பெண் இதை அணிவாள்?” என்று வினவுகிறேன்.

“பொம்பளைங்க இல்லீங்க சார், ஆம்பளைங்கதான். தாய்மாருங்க மனசு குளிரோணும்னு ஆடுவாங்களாம்,” என்கிறார் கொள்ளேகால் தமிழரான அவர். “இத மாட்டப்போற மாணவரும் உங்க உடம்புவாகுதானுங்க. வார் தாங்குதான்னு பாக்கோணும், கொஞ்சம் மாட்டிக்கிறீங்களா?”

என்னிடம் பயின்றவர்கள் எந்த ஊரிலும் எதிர்ப்படுவார்கள். தெருவை இருபுறமும் நோக்கிவிட்டுக் கைகளை நீட்டுகிறேன்.

வார் தாங்குகிறது. கனம் முன்னோக்கி இழுக்க, என் வலக்கை தானாகவே பின்னிடுப்பைத் தாங்கிக்கொள்கிறது.