தொண்ணூற்று நான்கு தலைக்கு நூற்று நாற்பத்தேழு கைகள்

மாத்தளை நகரசபைத் தேர்தலில் எங்கள் வட்டாரத்துக்குக் கட்சி யாரை நிறுத்துவது என்பதைக் கிளை உறுப்பினர்கள் கை தூக்கித் தீர்மானிக்க வேண்டியிருந்தது. கைகளை எண்ண என்னைக் கூப்பிட்டார்கள். நான் அப்போது ஒரு ஸ்டோரில் மிளகு மூட்டை எண்ணுகிற கிளார்க். அதற்காக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். கிளைத் தலைவர் திருத்தினார்:

"உனக்குத்தான் வோட்டே இல்லையே. நீ யார் பக்கமும் சாய மாட்டே."

என் பிரஜாவுரிமை விண்ணப்பம் கொழும்பில் ஏதோ அலமாரியில் ஆறாவது வருடமாகக் கிடந்தது. அப்படிக் கிடப்பதும் ஒரு தகுதி என்று அன்றுதான் தெரிந்தது.

போட்டி இரண்டு பேருக்கு. ஒருவர் பிரக்கிராசி. பெரிய சிங்களப் பிரபு வளவு ஒன்றைச் சேர்ந்தவர். கோர்ட்டில் வழக்குப் பேசுவார். வீட்டு வராந்தாவில் ஏழு நாற்காலி இருந்தும் கடைக்காரர்களை நிற்க வைத்தே பேசுவார். மற்றவர் மிளகு முதலாளி. ஐந்து தலைமுறையாக இந்த ஊரிலேயே வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம். "லாபம் இருக்கிற இடந்தான் அவனுக்கு ஊர்" என்று பிரக்கிராசியின் ஆட்கள் சிங்களத் தெருவில் சொன்னார்கள். "கருவாட்டு விலை தெரியாத மனுஷன் நமக்கு என்னத்தைக் கேட்டுத் தருவான்?" என்று முதலாளியின் ஆட்கள் கடைத்தெருவில் கேட்டார்கள்.

இரண்டு தரப்பும் ஒரே மாதத்தில் கண்டுபிடித்த இடம் நகரசபை லயன். சாக்கடைக் கான் வெட்டுகிற, தெருக் கூட்டுகிற தமிழர்கள் இருந்த இருபத்தாறு அறைகள். இந்திய வம்சாவளி என்பதால் அவர்களுக்கும் என்னைப் போலவே வோட்டு இல்லை. ஆனால் கட்சி அட்டை வைத்திருப்பவர் கை தூக்கலாம் என்றுதான் விதி சொன்னது. வோட்டைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. அட்டைகள் லயனுக்குப் பறந்தன. ஐம்பத்துமூன்று.

பிரக்கிராசி லயனுக்கு வந்து, மனப்பாடம் செய்த மூன்று தமிழ்ச் சொற்களைச் சொன்னார்: "நான் உங்க ஆள்." முதலாளி வந்து, "நம்ம பாஷை ஒண்ணு, நாம ஒண்ணு" என்றார். அதே வாரம் சிங்களத் தெருவில் முதலாளி, "லயன்காரர்களைப் பற்றிப் பயப்படாதீங்க, அவங்களை எப்படியும் இந்தியாவுக்கு அனுப்பிடுவாங்க" என்று சொன்னதையும், பிரக்கிராசி அதையே இன்னும் நல்ல சிங்களத்தில் சொன்னதையும் என் காதால் கேட்டேன்.

லயன் சார்பில் பேசியவர் கான் வெட்டும் ஓர் அக்கா. அவர் கேட்டது ஒன்றுதான்: லயனுக்கு ஒரு தண்ணீர்ப் பைப்பு. பெண்கள் சுதுகங்கை ஆறுவரை குடம் தூக்கி நடந்தார்கள். போன மழையில் அந்த அக்காவின் மகள் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்து கிடந்தாள். இருவரும் பைப்பு போட்டுத் தருவதாகச் சத்தியம் செய்தார்கள்.

கூட்டத்தன்று மண்டபத்தில் தொண்ணூற்று நான்கு தலைகள். மூன்று முறை எண்ணினேன். பிரக்கிராசி பெயருக்கு எழுபத்தைந்து கை. முதலாளி பெயருக்கு எழுபத்திரண்டு. கூட்டிப் பார்த்தேன்: நூற்று நாற்பத்தேழு. தலைவரிடம் சொன்னேன்.

"ஆளுக்கு ரெண்டு கை இருக்கேப்பா!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். சிரிப்பு.

அக்கா எழுந்தார். "ரெண்டு பேரும் கேட்டாங்க, ரெண்டு பேருக்கும் சரின்னோம். ஒருத்தருக்கு மட்டும் தூக்கினா மத்தவருக்குக் குடுத்த வாக்கு என்னாகுறது? நாங்க அப்படிப்பட்ட ஆளுங்க இல்லீங்க."

அந்த மண்டபத்தில் வாக்கைக் காப்பாற்றியவர்கள் அந்த ஐம்பத்துமூன்று பேர்தான். அதனாலேயே அவர்களை வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று. வோட்டர் இடாப்பில் பேர் உள்ளவர்கள் மட்டுமே கை தூக்கலாம் என்று பிரக்கிராசியின் ஆள் பிரேரித்தார். முதலாளியின் ஆள் ஆமோதித்தார். அந்த மாதம் முழுவதும் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. லயன்காரர்கள் எழுந்து போனபோது யாரோ கேட்டார்கள்: "எண்ணுறவருக்கும் வோட்டு இல்லையே?"

நானும் வெளியே போனேன். ஐம்பத்து நான்கு.

உள்ளே மிஞ்சியது நாற்பத்தொரு தலை. இப்போது எண்ணியது பிரக்கிராசியின் மைத்துனர். ஜன்னல் வழியாகக் கேட்டது: "இருபத்து நாலு, பத்தொன்பது!" கைதட்டல். இருபத்து நாலும் பத்தொன்பதும் நாற்பத்து மூன்று. நான் ஜன்னலுக்குள் தலையை நீட்டப் போனேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க தம்பி. சரியா எண்ணினதுக்குத்தானே வெளிய நிக்கிறீங்க."

பிரக்கிராசி தேர்தலிலும் ஜெயித்தார். அக்கா பைப்பைக் கேட்கப் போனபோது, வோட்டு இல்லாதவர்களுக்குப் பைப்பு போட்டால் வோட்டு உள்ளவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று வராந்தாவில் நிற்க வைத்து விளக்கினார். அங்கிருந்து நேரே முதலாளி கடைக்குப் போனார் அக்கா.

"உங்களுக்கும்தானே தூக்கினோம், மொதலாளி."

முதலாளி மேசையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். பிறகு தன் ஸ்டோருக்குப் பின்னால் இருந்த கிணற்றின் கதவைத் தினமும் காலை ஆறிலிருந்து ஏழுவரை திறந்துவிட்டார். ஒரே நிபந்தனை: குடங்களைப் பிரக்கிராசி வீட்டு வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சுற்றுவழிதான், ஆனாலும் ஆற்றைவிடக் கிட்ட, வழுக்கவும் வழுக்காது. நான் ஒருநாள் நின்று எண்ணினேன்: முப்பத்தெட்டுக் குடம். பிரக்கிராசி ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மூன்று வருடம் இப்படியே போயிற்று. அடுத்த தேர்தலில் பிரக்கிராசி தோற்றார். மறுநாள் காலை கிணற்றுக் கதவில் பூட்டு. காட்டுவதற்கு இனி யார் இருக்கிறார்கள்?

அக்கா வெறும் குடத்தோடு தெருவோரத்தில் உட்கார்ந்து அழுதார். வேலைக்குப் போகிற வழியில் நானும் அங்கே நின்றேன். அந்த வழியாக வந்த பிரக்கிராசி காரை நிறுத்தி இறங்கினார். தான் தோற்றதற்கு அழுகிற ஒருத்தியை ஊர் முழுக்கத் தேடியும் அவர் அதுவரை காணவில்லை போலும்.

"நீங்க மறுபடி நிக்கணும், ஐயா," என்றார் அக்கா சிங்களத்தில். "நீங்க ஜெயிச்சாத்தான் எங்களுக்குத் தண்ணி."

பிரக்கிராசி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த ஜனங்களுக்குத்தான் நன்றி இருக்கு," என்று என்னிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார்.