அண்ணனின் சனிக்கிழமை நண்பர்

எங்கள் அண்ணன் டெங்கில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு எட்டு. பள்ளியை விட்டு, சாலாக் செலாத்தானில் லோரி பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்தார். நான் ஆசிரியையாகும்வரை தம் கல்யாணப் பேச்சை எடுக்கவிடவில்லை. ஆன பிறகும் எடுக்கவிடவில்லை. கடைசி ஆறு ஆண்டுகள் கிள்ளானில் எங்களோடு இருந்தார். என் மகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, நானும் என் கணவரும் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பால் காலமானார். மகள் மட்டும் உடனிருந்தாள். அதன்பின் அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நான் கேட்கக் கேட்க அறைக்கதவு மூடிக்கொண்டது.

அடக்கத்தன்று அண்ணனோடு பட்டறையில் வேலை செய்த சீன நண்பர் ஒருவர் வந்திருந்தார். நன்றாகத் தமிழ் பேசுவார். கிளம்பும்போது வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, “நான் வரேன்” என்றார். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. பெரியம்மா முகம் சுளித்தார். அடுத்து யாருக்கு என்ன ஆகுமோ என்று நான் மகளைப் பார்த்தேன். அன்றே வாசலை இரண்டு முறை கழுவினேன்.

சொன்னபடியே அடுத்த சனிக்கிழமை வந்துவிட்டார், கையில் ஒரு பொட்டலம் பாவ், ஆவியில் வேகவைத்த சீன ரொட்டி. முன்வாசலில் உட்கார்ந்தார். நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, இவருக்கு என்ன வேண்டும் என்று யோசித்தேன். அண்ணனின் கருவிப் பெட்டியை உள்ளே எடுத்துவைத்துப் பூட்டினேன். அதற்கடுத்த வாரமும் வந்தார்.

மூன்றாவது சனிக்கிழமை பாசாரிலிருந்து திரும்பினால் கேட் திறந்து கிடக்கிறது. அவர் எதிரில் என் மகள் அழுதுகொண்டிருக்கிறாள்.

“எம்பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?” என்றேன்.

“நான் ஒன்னும் சொல்லல லா. அவ சொன்னா, நான் கேட்டேன்.”

மகள் தலை நிமிரவில்லை. “மாமா தண்ணி கேட்டாரும்மா. போன் பாத்துக்கிட்டே ‘இருங்க மாமா, வரேன்’னு சொன்னேன். கொண்டு போறப்போ…”

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அங்கிளையே நீங்க அப்படிப் பாத்தீங்க. என்னை எப்படிப் பாப்பீங்கன்னு பயமா இருந்துச்சு.”

என் கையிலிருந்த பைகளை அவர்தான் வாங்கி வைத்தார். வெகுநேரம் கழித்து, அடக்கத்தன்று வாசலில் ஏன் ‘வரேன்’ என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“உங்க அண்ணன் சொல்லிக் கொடுத்ததுதான். பட்டறையில ஒருநாள் ‘போறேன்’னேன், திட்டினான். ‘வரேன்’னு சொல்லணும், சொன்னா வந்திடணும்னான். சாவு வீட்டுல சொல்லக்கூடாதுன்னு சொல்லித் தர்றதுக்குள்ள போயிட்டான்.”

மகள் சிரித்துவிட்டாள். மூன்று வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

இப்போது நானும் அவளும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மனநல ஆலோசகரைப் பார்த்து வருகிறோம். முதல் நாள் அவர் குறிப்பேட்டில் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். குணம் ஒரே வருடத்தில் மாறாது. தண்ணீர் உடனே வந்திருந்தாலும் அண்ணன் பிழைத்திருக்கமாட்டார் என்று மருத்துவர் சொன்னதை மகள் கொஞ்சம் கொஞ்சமாக நம்பத் தொடங்கியிருக்கிறாள்.

பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பை எரியவிடாமல் சமைத்து அனுப்பிய அண்டை வீட்டார், உடன் நின்ற உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களில் சிலரையும் நான் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு நினைவுப் படையலுக்கு அண்ணனின் நண்பரும் இரண்டு ரயில் மாறி வருகிறார். கிளம்பும்போது அவர் அந்த வார்த்தையைச் சொல்வார். தயவுசெய்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.