டைல்ஸ்காரரின் பதினோராம் நாள்

முப்பது வருஷமாக அடுத்தவர் வீட்டுத் தரையில் முட்டி போட்டே பிழைத்தவர் டைல்ஸ்காரர். அந்த முட்டி தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசும் நிலைக்கு வந்து, ஐம்பத்தெட்டு வயதில் வலது பக்கத்துக்குச் செயற்கை முட்டி வைத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரை வாய்ச்சவடாலுக்குக் குறைவில்லை. "பழசைப் பேர்த்துட்டு புதுசு ஒட்டுறதுதானே டாக்டர்? நான் செய்யாததா?" என்று கேட்டு டாக்டரையே சிரிக்கவைத்தார்.

வீட்டுக்கு வந்து, கட்டு மாற்றும்போது காலைப் பார்த்தாரே, அன்றோடு வாய் அடைத்துப்போனது. முட்டிக்கு நடுவே ஒரு சாண் நீளத்துக்கு, தையலுக்குப் பதிலாக வரிசையாக ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார்கள். மடக்கினால் அத்தனையும் படபடவென்று தெறித்துவிடும் என்று மனசில் விழுந்துவிட்டது.

தினமும் பன்னிரண்டு மணிக்குப் பயிற்சி கொடுக்க பிசியோ வருவார். வாட்டசாட்டமான ஆள், பேச்சு மட்டும் பூப்போல.

"தொண்ணூறு டிகிரி மடங்கணும்ண்ணே. இப்ப அம்பதைத் தாண்டல."

"நாளைக்குப் பார்க்கலாம் தம்பி. இன்னைக்கு வீக்கமா இருக்கு."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. இப்படியே விட்டா முட்டி இறுகிப்போயிடும்."

பயம் முட்டியோடு நின்றால் பரவாயில்லை. வீட்டுக் குளியலறைக்குப் போகவும் அவருக்குப் பயம். வேலை கொடுக்கிறவர்களிடமெல்லாம் "பாத்ரூமுக்குச் சொரசொரப்பா போடுங்க" என்று படித்துப் படித்துச் சொல்பவர், தன் வீட்டுக்கு மட்டும், ஒரு ஹோட்டல் முகப்பில் மிஞ்சிய பளபளா டைல்ஸைப் போட்டிருந்தார். அழகாக இருக்கிறதே என்ற ஆசைதான். அதில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்?

மனைவிக்கு மாணவர் விடுதியில் சமையல் வேலை. கிடைத்த பத்து நாள் லீவும் முடிந்து, பதினோராம் நாள் காலையில் கிளம்பிவிட்டாள்.

"சாவி எதிர்வீட்டு அக்காகிட்ட இருக்கு. பிசியோ தம்பி வாங்கித் திறந்துக்குவாரு. போன் தலைமாட்டுல இருக்கு. எங்க போனாலும் வாக்கரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போகணும், கேட்டுச்சா?"

"சின்னப்புள்ளையா நான்? போ போ" என்றார். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் தாகம் எடுத்தது. ஆனாலும் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் குளியலறைக்குப் போக வேண்டுமே.

பதினொன்றரை மணிக்கு அடக்க முடியாமல் போயிற்று. வாக்கரைப் பிடித்து, உயிரைக் கையில் பிடித்து, அடிமேல் அடி வைத்துப் போனார். போன காரியம் நல்லபடியாக முடிந்தது. திரும்பும்போதுதான் வாக்கரின் ஒரு கால் சோப்புத் தண்ணீரில் ஏறியது. அது ஒரு பக்கம் ஓட, இவர் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். வலது கால் மடங்கியது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம்.

போச்சு. உடைந்துவிட்டது.

குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். எலும்பிலிருந்து உலோகம் பெயர்ந்து பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. போன் தலைமாட்டில். "அக்கா! யாராவது வாங்களேன்!" என்று கத்தினார். எதிர்வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. மிக்ஸி நின்றபோது இவருக்குக் குரல் எழும்பவில்லை. காலில் ஏதோ சூடாக வழிந்தது. இரத்தமா, தண்ணீரா? பார்க்கவில்லை.

அரை மணி நேரம். அவருக்கு அரை நாளாகத் தெரிந்தது.

பூட்டு திறக்கும் சத்தம் கேட்டதும், "தம்பி, முட்டி போச்சு தம்பி" என்றார். அழுதுகொண்டிருந்தார்.

பிசியோ பதறவில்லை. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "தலையில அடிபட்டுச்சாண்ணே?"

"இல்ல. உள்ள டக்குனு சத்தம் கேட்டுச்சு."

"புது முட்டி சத்தம் போடும். உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டுற சத்தம். பாதத்தை ஆட்டுங்க பார்ப்போம்."

ஆட்டினார். ஆடியது. ஒரே ஒரு பின் தளர்ந்து, அந்த இடத்தில் கொஞ்சம் இரத்தம் கசிந்திருந்தது. பிசியோ ஒரு குட்டை ஸ்டூலையும் நாற்காலியையும் கொண்டுவந்து போட்டு, அக்குளில் கை கொடுத்து, இடது காலை ஊன்றச் சொல்லி, முதலில் ஸ்டூலில், பிறகு நாற்காலியில் உட்காரவைத்தார். எதற்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்று ஆம்புலன்ஸுக்கும் மனைவிக்கும் போன் போட்டார்.

விடுதி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மனைவி ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது அவர் எக்ஸ்ரே அறை வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"இருபத்தேழு வருஷத்துல உங்களை இப்படிப் பார்த்ததில்லையே" என்றாள்.

"பயமா இருக்குடி" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. மாவு அப்பிய கையால் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எக்ஸ்ரேயில் எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. ஆனால் டாக்டர் சொன்ன உடனே பயம் ஓடிவிடவில்லை. அடுத்த ஒரு வாரம் அவள் அரை நாள் வேலைதான் பார்த்தாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே இருக்கிறவரிடம் விடுதிக் கதைகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பயிற்சியின்போது அவர் தலையணையைக் கடித்துக்கொண்டு மடக்கினார். "நிறுத்து" என்பார், பிசியோ நிறுத்துவார், "சரி, இன்னொரு தடவை" என்பார்.

ஆறாவது வாரம், முதல் மாடியில் இருந்த வீட்டிலிருந்து படி இறங்கப் பார்த்தார். நாலு படி இறங்கினார், கீழே எட்டிப் பார்த்தார், திரும்பி ஏறிவிட்டார். மறுநாள் ஒன்பது படி. அதற்கு மறுநாள் மழை என்று சாக்குச் சொன்னார். அந்த வாரக் கடைசியில்தான், ஒரு கை கைப்பிடியிலும் மறு கை மனைவியின் தோளிலுமாகத் தெருவில் போய் நின்றார். வியர்த்துக் கொட்டியது. ஒரு ஆட்டோ ஹாரன் அடித்ததும் அவள் தோளை நகம் பதியப் பிடித்தார்.

"வலிக்குதுங்க" என்றாள்.

"எனக்கும்தான்" என்றார்.