விண்ணப்பத்தில் என் பெயர்

எங்கள் வீட்டில் பெரிய பொய் என்று ஒன்று சொன்னது ஒரே ஒரு முறைதான். அதுவும் ஓர் உயிரைக் காப்பாற்றுவதற்காக. அந்தப் பொய்க்காக நோயாளியாகக் கட்டிலில் படுத்தவள் நான். பதினோரு வயதில் அது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் இப்போது கூச்சமாக இருக்கிறது.

அப்பா தூத்துக்குடியில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். மில்லர்புரத்தில் வாடகை வீடு. அப்பாவின் ஒரே தங்கையை உடன்குடிக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. மாமா சைக்கிளில் கருப்பட்டி வைத்து ஊர் ஊராக விற்று வந்தார். அவர்கள் மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள், எனக்கு மதினி முறை, எங்கள் பேச்சில் மைனி. பிறக்கும்போதே அவள் இதயத்தில் ஓட்டை. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். உதடும் நகமும் நாவற்பழம் தின்றவள் மாதிரி நீலம் பூத்துவிடும். மதுரையில் ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வாள், ஆனால் இனித் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காப்பீட்டு அட்டையெல்லாம் வராத காலம். அத்தையின் நகை முழுவதும் போயும் பாதிக்குக்கூட எட்டவில்லை.

அப்பாவிடம் இருந்தது பி.எஃப். மட்டும்தான். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து, ஓய்வு பெறும்போது கொடுப்பதற்காக அரசாங்கம் வைத்திருக்கும் பணம். இடையில் எடுக்க வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். சொந்தப் பிள்ளையின் வைத்தியத்துக்கு எடுக்கலாம். தங்கை பிள்ளையின் வைத்தியத்துக்கு எடுக்க முடியாது. விதியில் அப்படித்தான் இருந்தது.

அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மைனியை வரவழைத்து இங்கே ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். நானும் கூடப் போனேன். சீட்டு எழுதுகிற இடத்தில் அப்பா என் பெயரைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் என் பெயரைக் கூப்பிட, நான் எழுந்தேன். அப்பா என் தோளை அமுக்கி உட்கார வைத்தார். மைனி எழுந்து உள்ளே போனாள்.

பணம் வரும்வரை மைனியை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அந்தச் சீட்டையும் சான்றிதழையும் இணைத்து விண்ணப்பம் போட்டார். அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் அவர் பிரிவின் கண்காணிப்பாளர் நாசரேத் ஊர்ப்பக்கத்துப் பெண்மணி, இளகிய மனசு. ஒரு நாள் அலுவலகத்திலிருந்து வந்ததும் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார்.

"நாளைக்குச் சாயந்தரம் மேடம் பிள்ளையப் பாக்க வாராவளாம்."

"எந்தப் பிள்ளைய?" என்று கேட்டாள் அம்மா.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. "கொஞ்ச நேரம் படுத்திருந்தாப் போதும் ளா. ஒண்ணும் பேசாண்டாம்" என்றார் அப்பா. மைனியை அம்மா அடுக்களையில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார வைத்தாள். "மேடம் போற வரைக்கும் சத்தம் காட்டாம இரி, என்ன?" மைனி தலையாட்டினாள். அவள் எதற்கும் தலையாட்டுகிறவள்தான். பேசினால் மூச்சு வாங்கும்.

மேடம் கையில் ஒரு மக்ரூன் மிட்டாய்ப் பொட்டலமும் ஒரு ஸ்கெட்ச் பேனாப் பெட்டியும் இருந்தன. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். நான் என் பங்குக்கு இருமினேன். ஒன்றிரண்டு முறை முனகவும் செய்தேன். இதயத்தில் ஓட்டை இருப்பவர்கள் இருமிக்கொண்டே இருப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னதோ தெரியவில்லை. எனக்குத் தெரிந்து மைனி அப்படி இருமியதே இல்லை. மேடம் என் தலையில் கைவைத்து, கண்ணை மூடி, இந்தச் சின்னப் பிள்ளைக்கு ஆயுசைக் கொடும் ஆண்டவரே என்று ஜெபம் செய்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நான் அரைக்கண்ணைத் திறந்து பெட்டியில் எத்தனை கலர் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அம்மா காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு, அம்மா கை நீட்டுவதற்குள், மேடம் தானே டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். எங்கள் வீட்டில் அதற்கு ஐந்தாறு எட்டுதான். அப்பா நின்ற இடத்திலேயே நின்றார்.

"இது யாரு?" மேடத்தின் குரல்.

"எங்க நாத்தனா மவ, மேடம். லீவுக்கு வந்திருக்கா." அம்மாவின் குரல்.

எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அப்போது லீவு கிடையாது. மேடம் வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வந்தபோது என்னைப் பார்க்கவில்லை. அம்மாவிடம் வருகிறேன் என்று தலையசைத்துவிட்டு இறங்கினார். தெருமுனை வரை கொண்டுவிட அப்பா பின்னாலேயே போனார்.

நான் எழுந்து பெட்டியைத் திறந்தேன். மைனி சுவரைப் பிடித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏளா, அந்த ஊதாவ ஒருக்காத் தா. பாத்துட்டுத் தாரேன்."

"தரமாட்டேன். எனக்குக் கொண்டாந்தது."

அவள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டாள். சண்டைக்காக இல்லை, சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"சீக்கு எனக்குல்லா?"

"சீட்டுல பேரு என்னுதுல்லா" என்றேன் நான்.

பணம் ஒரு மாதத்துக்குள் வந்தது. மதுரையில் ஆபரேஷன் நடந்தது. மைனி தன் சொந்தப் பெயரில் படுத்து, தன் சொந்தப் பெயரில் பிழைத்து எழுந்தாள். அதற்குப் பிறகு உடன்குடியிலிருந்து அவள் வரும்போதெல்லாம் நாங்கள் ஒன்றாகத்தான் விளையாடினோம். அந்தப் பெட்டியைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. போன வருஷம் அவள் மகள் கல்யாணத்தில், சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே அவளைத் தனியாகப் பிடித்து, எத்தனையோ வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். அந்தப் பன்னிரண்டு கலர் பெட்டியில் ஒன்றைக்கூட உனக்குக் கொடுக்காமல் இருந்துவிட்டேன் மைனி, என்றேன்.

"அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா. வா, பந்திக்கு நேரமாச்சு" என்று சிரித்தாள். இரண்டு எட்டு நடந்தவள் திரும்பாமலே சொன்னாள்: "பன்னெண்டு இல்ல. இருவத்திநாலு."

சீட்டில் பெயர் என்னுடையது என்று நான் சொன்னதை, மேடம் வந்துபோன அன்று இன்னொருவரும் கேட்டார். மேடத்தை அனுப்பிவிட்டு வந்த அப்பா, ஒரு காலில் செருப்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். தெருமுனையில் மேடம் அவரிடம் சொன்னதை, அப்பா தான் ஓய்வு பெற்ற வருஷத்தில்தான் எங்களிடம் சொன்னார்.

"பேப்பரை நாளைக்கே மேல அனுப்பிருதேன். ஆனா நல்லாருக்கிற பிள்ளைய இனிமே இப்படிப் படுக்க வைக்காதிய."

அதைக் கேட்டுவிட்டு வந்தவர் வாசலில் கேட்டது என் குரலை. அடி விழும் என்று நான் பெட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அப்பா என்னைப் பார்த்தார். மைனியைப் பார்த்தார். இன்னொரு செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

அப்பாவே ஒன்றும் சொல்லவில்லை, அப்படியானால் நான் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். பெட்டியை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன்.