இடிந்த பள்ளிக்கூடத்தைக் கேக்காகச் செய்தவள்

கேலி பண்ணினாளாம்! அடுத்தவங்க துக்கத்தில் க்ரீம் பூசி விற்கப் பார்த்தாளாம்! நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறவர்கள் யாராவது அந்தக் கேக்கைக் கிட்டப் போய் ஒரு நிமிஷம் பார்த்தார்களா? பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

தெருவில் அவளைக் கேக்கம்மா என்பார்கள். மாடி வீட்டுச் சமையலறையிலேயே பிறந்தநாள், கல்யாணம் என்று கேக் செய்து கொடுப்பவள். புருஷன் பஸ் ஓட்டுகிறார். பேச்சு கம்மி, கைதான் சும்மா இருக்காது. அவளிடம் ஒரு பழக்கம். போட்டோவில் என்ன இருக்கிறதோ அதைத்தான் செய்வாள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். ஒரு தடவை ஒரு பிள்ளையின் முகத்தைச் செய்யச் சொன்னார்கள். போட்டோவில் முன்பல் விழுந்திருந்தது. கேக்கிலும் பல் இல்லை. தாய்க்காரி தாம்தூம் என்று குதித்தாள். "பல் முளைச்சதும் போட்டோ கொண்டு வாங்க, வேற செஞ்சு தர்றேன்" என்றாள் இவள். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் சொன்னாள்.

கடலுக்கு அந்தப் பக்கம் பூமி குலுங்கிப் பள்ளிக்கூடங்களெல்லாம் விழுந்துபோன சமயம். நம்ம தெரு சார்பில் ஒரு பள்ளிக்கூடத்தையாவது எழுப்பிக் கொடுக்கணும் என்று மருந்துக்கடைக்காரர் முன்னால் நின்றார். ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் விற்பனை. தையல்காரி பை தைத்தாள். முடிவெட்டுகிறவர் நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். மருந்துக்கடைக்காரர் கேக்கம்மாவிடம் போனில் ஒரு போட்டோவைக் காட்டி, "இதாம்மா அந்தப் பள்ளிக்கூடம். பெருசா ஒண்ணு செஞ்சுடு, துண்டு போட்டு வித்துடலாம்" என்றார்.

போட்டோவில் இருந்தது இடிந்த பள்ளிக்கூடம். அவள் அதையே செய்தாள். பிஸ்கட்டைப் பொடித்துப் புழுதி, சாக்லேட்டை உடைத்துக் கல், வளைந்த ஜன்னல் கம்பி, தப்பி நின்ற ஒற்றைச் சுவர், அதில் ஒரு கரும்பலகை. ஓரத்தில் ஒரு சிவப்புப் பை கிடந்தது. அதைச் சர்க்கரை மாவில் பிடிக்கும்போது மட்டும் அவளுக்குக் கை ஓடவில்லை. "யார் பெத்த பிள்ளையோடதோ" என்று சொல்லிச் சொல்லி, அறுந்த வாரைத் தடவிக்கொண்டே இருந்தாள். கேலி பண்ணுகிறவள் இப்படியா செய்வாள்?

மன்றத்தில் கேக்கை மூடியிருந்த துணியை எடுத்ததும் கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"அய்யய்யோ, இதை எப்படிம்மா வெட்டித் திங்கறது?" என்றாள் தையல்காரி.

அப்போதுதான் ஆஸ்பத்திரி நர்ஸ் முன்னால் வந்தாள். அந்த நாட்டுக்காரி, வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவள். கேக்கைப் பார்த்தாள், முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். கேக்கம்மா பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனவள்தான். கதவு சாத்தியது சாத்தியதுதான்.

அப்புறம் ஆர்டர் இல்லை, அடுப்பு இல்லை. யாராவது மணி அடித்தால் குளியலறைக்குள் போய் நின்றுகொள்வாள். காய் வாங்குவதும் புருஷன்தான்.

"நீ என்ன வேணும்னா செஞ்சே?" என்று அவர் கேட்டுப் பார்த்தார்.

"வேணும்னு செய்யலைங்க. ஆனா அந்தப் பொண்ணு அழுததே! இனி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அது முன்னால நிப்பேன்?"

அந்த மனுஷர் சும்மா இருப்பாரா? நர்ஸ் அவர் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறவள். ஒருநாள் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மறுநாளே அவள் நேராகச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். கேக்கம்மாவுக்கு ஒளிய நேரமில்லை.

"அக்கா, அந்தச் சுவர் எங்க மூணாம் வகுப்பு."

கேக்கம்மா சுவரோரமாக ஒதுங்கினாள். "தப்பா நினைக்காதம்மா, நான்..."

"எல்லாரும் பாவம் பாவம்னாங்க. கம்பி வளைஞ்சதைக்கூட உத்துப் பார்த்தது நீங்க ஒருத்திதான். அழுகை முட்டிக்கிட்டு வந்துடுச்சு, ஓடிட்டேன். உங்க மேல எனக்கென்ன கோவம்?" என்று கையைப் பிடித்தாள். "கூரைக்கு இன்னும் பணம் பத்தலையாம். மறுபடி விற்பனை வைக்கிறாங்க. அது விழறதுக்கு முன்னால எப்படி இருந்துச்சோ, அப்படிச் செஞ்சு தாங்கக்கா."

"போட்டோ இருக்கா?"

"எல்லாம் ஊர்ல இடிஞ்ச வீட்டோட போச்சு. நான் சொல்றேன், நீங்க செய்யுங்க."

போட்டோ இல்லாமல் ஒரு இலைகூடச் செய்யாதவள், அன்றைக்குக் கேட்டுக் கேட்டுச் செய்தாள். தாழ்வாரம் எவ்வளவு அகலம்? பிள்ளைகள் எங்கே செருப்பு விடும்? நர்ஸுக்கோ ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மணி, குழாயடி, ஊஞ்சல், ஏறிக் குதித்த மதில். கேக் வளர்ந்துகொண்டே போனது. "இன்னும் ஒரு மரம் இருந்துச்சுக்கா" என்பாள். "வை, வை, அதையும் வச்சிடுவோம்" என்பாள் இவள்.

ஞாயிறு காலையில் புருஷனும் நர்ஸும் தட்டைத் தூக்கினால், அது வாசலில் நுழையவில்லை. நேராகவும் போகவில்லை, சாய்த்தால் மணி விழும்.

"எந்தச் சந்திலயும் பஸ்ஸைத் திருப்பிடுவேன். இதைத் திருப்ப நம்மால ஆகாதும்மா" என்றார் புருஷன். திருப்புளியை எடுத்துக் கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். "நீ இரு, நாங்க ரெண்டு பேரும் கொண்டுபோயிடறோம்."

அவள் வாசலைப் பார்த்தாள். கீழே தையல்காரி நாலு பேரோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். சாத்திக்கொள்ளக் கதவும் இல்லை.

"உங்களுக்கு இந்த மரம் எந்தப் பக்கம் சாயும்னு தெரியாதுங்க. விடுங்க" என்று அவர் பிடித்திருந்த பக்கத்தைத் தான் வாங்கிக்கொண்டாள்.

"போலாமாக்கா? கை வலிக்குது" என்றாள் நர்ஸ்.

"இரும்மா, படி இருக்கு. நான் முன்னால இறங்கறேன்" என்று கேக்கம்மா வெளியே கால் வைத்தாள்.