மூட்டைக்குப் பின்னால ஒரு கை

போன வாரம் அண்ணன் மகன் ஒரு வீடியோ அனுப்பிச்சான் மாப்ள. கரண்டுல ஓடுற ஸ்கூட்டராம். முன்னாடி ஒரு பையன், பின்னாடி ஒரு பொண்ணு, ரெண்டு பேரு முடியும் காத்துல பறக்குது. வண்டி சத்தமே இல்லாம மலை ஏறுது, ஏறுது, ஏறிக்கிட்டே இருக்கு. அடியில எறும்பு ஊர்ற மாதிரி என்னமோ எழுத்து ஓடுச்சு. நான் கண்ணாடியத் தேடி மாட்டுறதுக்குள்ள அது போயிருச்சு. திருப்பிப் போட்டு, பட்டுனு நிறுத்திப் பாத்தா, "சித்தரிப்புக்காக மட்டும்"னு போட்டுருக்கான். அடப்பாவி, அதச் சொல்றதுக்கு இம்புட்டுக்காண்டு எழுத்தா?

கூடவே வாய்ஸ் மெசேஜ். "சித்தப்பா, புக் பண்ணிட்டேன். நம்ம கம்பெனியாச்சே!"

நம்ம கம்பெனியாம்! அவன் போனு, வாட்சு, காதுல சொருகுறது, எல்லாம் அந்தக் கம்பெனிதான். போனு சூடாகி தொடை சுட்டுப்போச்சுன்னாலும் "கவர் சரியில்ல சித்தப்பா"ம்பான். இவன் அப்பன் கெட்டது இதே மாதிரிதான். ஆனா என்னையத் தூங்கவிடாமப் பண்ணுனது அது இல்ல. அந்த வீடியோல வர்ற வளைவு. ரோட்ட அகலமாக்கி, செவத்துக்கு மஞ்சளும் கருப்பும் அடிச்சிருக்காங்க. இருந்தாலும் எனக்குத் தெரியாதா? எங்க ஊருலருந்து கொடைக்கானல் டவுனுக்கு ஏறுற ரோட்டுல, தைலமரக் காட்டுக்கிட்ட வர்ற கொண்டை ஊசி வளைவு அது. என் உள்ளங்கை அந்த எடத்துல தோல் உரிஞ்சிருக்கு.

வீடியோல வாசனை வராதுல்ல, எனக்கு வந்துச்சு. பச்சத் தைல எல வாசம், சாக்குல ஈரப்பூண்டு, அதுக்கு மேல பெட்ரோல்ல ஆயில் கலந்து எரியுற நீலப் பொகை. இந்த மூணும் சேந்தா எங்க அண்ணன். பேரு செல்லப்பாண்டி. மூணு வயசு மூத்தவன். அப்பா இல்லாத வீட்டுல பூண்டுக்காடு மொத்தமும் அவன் தலையில. நான் பழனியில ஹாஸ்டல்ல தங்கி பிஸிக்ஸ் படிக்கிறேன்னு சொல்லிக்கிட்டு சினிமா பாத்துக்கிட்டிருந்தேன். எண்பதுகள்ல நடந்த கத.

எங்க ஊருல மொத மொபெட் அண்ணனோடது. கம்பெனி பேரு எதுக்கு, அது செத்துப்போன கம்பெனி. டேங்குல ஒரு வரையாடு பாறையில தாவுற மாதிரி படம் போட்டுருக்கும், அதனால ஊரே ஆட்டு வண்டின்னுதான் சொல்லும். "எந்த மலையும் ஏறும்"னு பேப்பர்ல விளம்பரம். அண்ணன் அத வெட்டி பீரோல ஒட்டிட்டான். கம்பெனி குடுத்த தொப்பிய குளிக்கும்போது மட்டும் கழட்டுவான். எங்க ஊரு டீக்கடையில வேற கம்பெனி மொபெட்ட எவனாவது நல்லா இருக்குன்னு சொல்லிட்டா, பாதி டீய வச்சிட்டு எந்திரிச்சு வந்துருவான். பெத்த தாயப் பேசுனாக்கூட பொறுத்துக்குவான், ஆட்டப் பேசப்படாது.

அந்த ஆடு ஏறுமா? எறக்கத்துல நல்லாப் போகும் மாப்ள. டவுனுலருந்து எங்க ஊருக்கு ஒரே எறக்கம், இஞ்சின ஆஃப் பண்ணிட்டா காத்து மாதிரி வரும். காலையில டவுனுக்கு ஏறும்போதுதான் வளைவுக்கு வந்ததும் இருமும், தும்மும், உக்காந்துரும். கேட்டா பெட்ரோல் பங்க்காரன் கலப்படம் பண்ணிட்டான். இல்லன்னா பனி. இல்லன்னா பின்னாடி உக்காந்துருக்குற என் வெயிட்டு. ஒருநாள் நான் பெரிய விஞ்ஞானி மாதிரி, "அண்ணே, மேல போகப் போக காத்து கம்மி, இஞ்சினுக்கு மூச்சு முட்டும், அம்பது சிசி தாங்காது"ன்னேன்.

"ஏலே, ஒன் படிப்பெல்லாம் பழனியோட நிக்கட்டும். ஆட்டுக்கு எங்கடா மூச்சு முட்டும்? மலையில பொறந்ததுடா அது"ன்னான்.

படம்டா அது, டேங்குல ஒட்டுன படம்! சொன்னா கேக்கணும்ல.

ஒரு கோட லீவுல அந்தக் கம்பெனிக்காரங்களே விளம்பரப் படம் எடுக்க மெட்ராஸ்லருந்து வந்துட்டாங்க. அந்த வளைவுலதான் கேமராவ வச்சாங்க. அண்ணன் தன் வண்டியத் தொடச்சு எண்ணெய் போட்டு கோயில் தேரு மாதிரி கொண்டுபோயி நிறுத்துனான். டைரக்டரு, குளிருல மப்ளரச் சுத்திக்கிட்டு நடுங்குன ஆளு, வண்டியப் பாத்தாரு, தொப்பியப் பாத்தாரு. "இவர்தாம்ப்பா நம்ம ஹீரோ"ன்னுட்டாரு. அண்ணன் தொப்பிய நேரா வச்சுக்கிட்டான்.

பின்னாடி பொஞ்சாதி மாதிரி ஒரு மெட்ராஸ் பொண்ணு, அதுக்குப் பின்னாடி கேரியர்ல ரெண்டு பூண்டு மூட்டை. ஆக்சன்னாங்க. வண்டி பாதி வளைவு வந்து உக்காந்துச்சு. மூட்டையிலருந்து பூண்டக் கொட்டிட்டு தைலச் சருக அமுக்குனாங்க. அப்பயும் உக்காந்துச்சு. டைரக்டரு சுத்திமுத்தும் பாத்து என்னைய விரலக் காட்டிக் கூப்ட்டாரு. "தம்பி, மூட்டைக்குப் பின்னாடி குனிஞ்சுக்க. தள்ளு. தல தெரியப்படாது."

தள்ளுனேன் மாப்ள. குனிஞ்சு, மூஞ்சியில பொகைய வாங்கிக்கிட்டு, கால் வழுக்கி, வண்டியையும் அந்தப் பொண்ணையும் அண்ணனையும் அவன் பல்லு தெரியுற சிரிப்பையும் சேத்துத் தள்ளுனேன். டைரக்டரு திருப்பித் திருப்பி எடுத்தாரு. கேரியர் கம்பி தேச்சு கை உரிஞ்சுபோச்சு. எல்லாம் முடிஞ்சு பெரிய டிபன் கேரியர்ல பிரியாணி குடுத்தாங்க, உரிஞ்ச கையில மசாலா பட்டு எரிஞ்சுது, அது வேற.

வீட்டுக்கு வரும்போது அண்ணன் மெதக்குறான். "பாத்தியாடா, ரெண்டு மூட்டை, ரெண்டு ஆளு. எப்பிடி ஏறுச்சு!"

"அண்ணே, நாந்தான தள்ளுனேன்?"

"நீ சும்மா கைய வச்ச. அது தானா ஏறுச்சு."

கிண்டலுக்குச் சொல்லலடா அவன். மொகத்தப் பாத்தேன். நெசமா நம்பிட்டான். பொய்ய எடுக்கும்போது நடுவுல உக்காந்துருந்த ஆளு, அதையே நம்பி வீட்டுக்கு வர்றான். அத நெனச்சா இப்பயும் எனக்கு ஒரு மாதிரி கெடக்கு.

அந்த விளம்பரம் தியேட்டர்ல ஓட ஆரம்பிச்ச சமயம்தான் அண்ணனுக்கு பழனியில பொண்ணு பேசிக்கிட்டிருந்தாங்க. தெய்வானை. அவுக அப்பா மலையடிவாரத்துல பஞ்சாமிர்தக் கடை வச்சிருந்தாரு. பொண்ணு கொடைக்கானல்ல ஒரு ஆஸ்பத்திரியில நர்சு, புதுசாச் சேந்தது, நிரந்தரம் ஆகல. கல்யாணமாகி எங்க ஊருக்கு வந்துட்டா ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல எடம் கெடையாது. காலையில ஏழு மணிக்கு டூட்டி. எங்க ஊருக்கு மொத பஸ்ஸே எட்டு மணிக்குத்தான். லேட்டா வந்தா பேர வெட்டிருவாங்க. அந்த வேலைய விட அந்தப் பொண்ணு தயாரா இல்ல. பொண்ணு பாக்கப் போனப்ப தலையெல்லாம் குனியல, நேரா அண்ணன் மூஞ்சியப் பாத்து கேட்டுச்சு.

"ஏங்க, வெள்ளனே வண்டியில கொண்டுபோயி விடுறேங்கிறீங்க. அந்த ஏத்தத்துல வண்டி ஏறுமாங்க?"

அண்ணன் சிரிச்சான். "தியேட்டர்ல பாத்தீங்கல்ல?"

பாத்திருந்தாங்க, குடும்பத்தோட. பழனி பூராவும் பாத்துச்சு. படத்துக்கு முன்னாடி அந்த விளம்பரம் போடுவான். அண்ணன் திரையில யானை சைசுல சிரிச்சுக்கிட்டு ஏறுவான். என் ரூம்மேட்டுக விசிலடிச்சு சீட்ட ஒடைப்பானுக. நான் மட்டும் மூட்டையோட ஓரத்தப் பாத்துக்கிட்டிருப்பேன். அங்க கண்ணு சிமிட்டுற நேரத்துக்கு அஞ்சு வெரலு தெரியும். மணிக்கட்டுல செகப்புக் கயிறு, பழனியில அம்மா எனக்குக் கட்டிவிட்டது. எவனும் பாக்கல. நான் தியேட்டர்ல அறிமுகமான கத இதான், வெளிய சொல்லிராத.

பொண்ணோட அப்பாருக்கு பெருமை தாங்கல. "மாப்ள படத்துலயே ஏறிட்டாரே"ன்னு கடைக்கு வந்தவங்ககிட்டல்லாம் சொன்னாரு. கல்யாணத்துக்கு ஒரு கறவ மாட்டச் சீராக் குடுத்தாரு.

கல்யாணத்துக்கு லீவு போட்டு நானும் ஊருலதான் இருந்தேன், மதினி வந்த மொத வாரமே வண்டி சாயம் வெளுத்துப்போச்சு. இருட்டுப் பிரியமுன்ன கெளம்புவாங்க. வளைவு வரைக்கும் ஆடு. அதுக்கு மேல மதினி எறங்கித் தள்ளணும். வெள்ளச் சேல, அதுல பொகைக் கரி, அப்பறம் ஓட்டம். சாயங்காலம் கூட்டியாரும்போது மட்டும் வண்டி சொன்ன சொல்லக் காப்பாத்தும், ஏன்னா எறக்கம். அண்ணன் அதையே சொல்லுவான், "நேத்து சாயந்தரம் எப்பிடி பறந்துச்சு!" ஆஸ்பத்திரியில மதினியக் கூப்புட்டு, இனி ஒருநாள் லேட்டுன்னா வர வேணாம்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அது சாப்புடல. அம்மா என்னைய மொறச்சாங்க, நான் என்னமோ வண்டிய டிசைன் பண்ணுன மாதிரி.

அண்ணனும்தான் தூங்கல. பொஞ்சாதி வேல போயிரும்னு அவனுக்கும் பயம் இருந்துச்சு. வேற கம்பெனி வண்டி பெருசு, சத்தியமா ஏறும், திண்டுக்கல்லுல கெடைக்கும்னு எல்லாரும் சொன்னோம். விடிஞ்சதும் கெளம்பிப் போனான். மறுநாள் திரும்பி வந்தான். எதுல? புது ஆடு! அதே கம்பெனி, புது மாடல். இப்ப ஆட்டுக்குக் கொம்பு பெருசா போட்டுருந்தான், அம்புட்டுத்தான். பழசையும், போகும்போதே கயித்தப் புடிச்சிக் கூட்டிட்டுப் போன மதினியோட கறவ மாட்டையும் வழியிலயே வித்துட்டான். மாட்ட வித்து ஆடு வாங்குன ஒரே சம்சாரி உலகத்துலயே எங்கண்ணன்தான்.

மதினி காலி தொழுவத்தப் பாத்துச்சு. வண்டியப் பாத்துச்சு.

"புது மாடல்ல எல்லாம் சரி பண்ணிட்டாங்க தெய்வான. நாளைக்கிப் பாரு"ன்னான்.

"நாளைக்கி பாக்குறேன்"னுச்சு.

ராத்திரி அண்ணன் என்கிட்ட வந்து குசுகுசுன்னு, "ஏலே, காலையில வெரசாப் போயி வளைவுல நின்னுக்க."

"எதுக்குண்ணே? ஏறும்ல?"

"ஏறும்டா. ஏறுறத நீ பாக்கணும்ல. சும்மா நில்லு."

போயி நின்னேன். பனியில பல்லு தந்தியடிக்குது. கீழருந்து சத்தம் வருது, வருது, வளைவுக்கு வந்ததும் அதே இருமல். அதே தும்மல். கொம்பு பெருசான ஆடு அதே எடத்துல உக்காந்துச்சு.

"தம்பி, சும்மா கைய வையி"ன்னான் அண்ணன். நானும் பழக்கதோசத்துல குனிஞ்சு கேரியர்ல கைய வச்சுட்டேன். வண்டியிலருந்து எறங்குன மதினி அந்தக் கையப் பாத்துச்சு. டார்ச்ச அடிச்சுப் பாத்துச்சு. செகப்புக் கயிறு.

"தியேட்டர்ல மூட்டைக்குப் பின்னாடி ஒரு கை தெரிஞ்சுச்சே... அது ஒங்க கையா?"

நான் கைய பாக்கெட்டுல போட்டேன். இதுக்கு மேல ஒரு தெளிவான பதிலு உலகத்துல இல்ல.

"அவன் சும்மா கைய வச்சான்"ன்னான் அண்ணன்.

"நீங்க முன்னாடி பாத்துக்கிட்டிருந்தீங்க, ஒங்களுக்குத் தெரியாது. நான் பின்னாடி உக்காந்து வர்றவ"ன்னுச்சு மதினி. சத்தம் போடல. டிபன் டப்பாவ எடுத்துக்கிட்டு, சேலயத் தூக்கிச் சொருகி, டார்ச்சோட தைலமரக் காட்டுக்குள்ள ஏறிருச்சு. அங்க ஒரு குறுக்குப் பாதை உண்டு, வெறகுக்குப் போறவங்க ஏறுறது, ரோடு சுத்திப் போற தூரத்துல பாதிகூட வராது. நாங்க ரெண்டு பேரும் ஆட்டத் தள்ளிக்கிட்டு ஆஸ்பத்திரி கேட்டுக்குப் போறப்ப, மதினி உள்ள டூட்டியில இருந்துச்சு. அது உள்ள போனப்ப ஏழு அடிக்கலயாம்.

அதுக்கப்பறம் அது வேலையில இருந்தவரைக்கும் அந்தப் பாதைதான். வேல நிரந்தரமாச்சு. மாடும் ஒண்ணு வாங்குச்சு, அதோட சம்பளத்துல. சாயங்காலம் அண்ணன் வண்டியோட கேட்டுல நிப்பான். "ஏத்தத்துல எறக்கிவிட்ட வண்டியில எறக்கத்துல எதுக்கு ஏறணும்?"னு நடந்தே வந்துரும். கொஞ்ச நாள் பொறுத்து அண்ணனும் காலையில டார்ச்சப் புடிச்சுக்கிட்டு கூட நடக்க ஆரம்பிச்சான். ஆனா தொப்பியக் கழட்டல. எவனாச்சும் கேட்டா, "நல்ல வண்டி, எறக்கத்துல அடிச்சுக்க ஆளில்ல"ம்பான்.

வீடியோவப் பாத்துட்டு மதினிக்குப் போனப் போட்டேன். ரிட்டயராகி முட்டி தேஞ்சு போச்சு. மகன் இந்த வண்டியிலதான் இனி டவுனுக்குக் கூட்டிப்போவானாம்.

"ஏறுமான்னு கேட்டீங்களா மதினி?"

"கேட்டேன் தம்பி. வீடியோலதான் காட்டுறாங்களேம்மாங்கிறான்." சிரிக்கிற மாதிரி கேட்டுச்சு, சிரிப்பு இல்ல. "நானும் பெருசாக்கி பெருசாக்கி ஓரமெல்லாம் பாத்தேன். கையே தெரியல. இப்பல்லாம் கைய அழிச்சிர்றாங்களாமுல்ல?"

அந்த ஆட்டு வண்டிக் கம்பெனி போச்சு. பழனியில அந்தத் தியேட்டரு கல்யாண மண்டபமாகி அதுவும் பூட்டிக் கெடக்கு. போன வச்சிட்டு அந்த வீடியோவ மறுபடியும் போட்டேன். வளைவு வருது. பையன் சிரிக்கிறான். பொண்ணோட பறக்குற முடிக்குப் பின்னாடி, குறுக்குப் பாதை ஆரம்பிக்கிற எடத்துல நிறுத்துனேன். அங்க ஒரு ரிசார்ட் கேட்டு. ரெண்டு பக்கமும் கம்பி வேலி, உள்ள தைலமரம் ஒண்ணுகூட இல்ல.