ஈயக்குண்டு மூட்டை

லைட்ஹவுஸ் குப்பத்துக்கு நான் பிசியோதெரபி பார்க்கப் போன நாட்களில் சந்தித்த மீனவர் அவர். அகலத் தோள், உப்பில் வெளுத்த புருவம். படகைக் கரையேற்றும்போது முழங்கால் சில்லு விலகி, கட்டுப்போட்டுப் பிரித்திருந்தார்கள். கணுக்காலில் சிறு எடை கட்டிக் காலை நீட்டித் தூக்கச் சொன்னேன்.

அடுத்த வாரம் கைலித் துணியில் முடிந்த ஒரு மூட்டையைக் கணுக்காலில் கட்டிக் காலைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் கடலைப் பார்த்துக்கொள்வார். மூட்டைக்குள் என்ன என்று பிரித்தால், வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டுகள்! பக்கத்தில் அவருடைய வலை மொட்டையாகக் கிடந்தது.

எனக்குக் கோபம் வந்தது. "நல்ல வலையை ஏன் கெடுத்தீங்க? மணலைக் கட்டினா போதாதா?"

"இன்னா மேடம் நீங்க! வலை ரெடியா இருந்தா, கால் ஆறுறதுக்குள்ள கடலுக்குப் பூடுவேன். ஈயம் இல்லாத வலை தண்ணில முழுகாது. அதான் கழட்டிக் கால்ல கட்டிக்கினேன்."

பிரித்த மூட்டையை மறுபடி முடிந்து அவர் கணுக்காலில் நானே கட்டிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, "இனி கடலுக்குப் போகலாம்" என்றேன். அவர் மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மூட்டையை அவிழ்த்து, குண்டுகளை ஒவ்வொன்றாக வலையில் கோக்கத் தொடங்கினார். கடலை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நான்தான் மடங்கியிருந்த அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.